இரவல் ஷூ

கேட்டது. கேட்கவில்லை என்று இனி யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், என்னிடம் நான் சொல்லிக்கொள்ள முடியாது, எனக்குக் கேட்டது. "மேடம், ஒரு நிமிஷம்," என்று வாசலில் நின்ற பெண் சொன்னதும், தமயந்தி "என்னம்மா?" என்றதும், "சாரி மேடம், ரப்பர் செருப்போட டீ ரூமுக்குள்ள விடறதில்ல," என்று அந்தப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னதும், மூன்றும் கேட்டன. முப்பத்தைந்து வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதை வைத்துப் பிழைத்தவன் நான், கோவில்பட்டிக்கும் கழுகுமலைக்கும் நடுவில் கேபிளில் எங்கோ தண்ணீர் இறங்கியிருப்பதை இரைச்சலை வைத்தே சொன்னவன், முதுகுக்குப் பின்னால் நாலு எட்டில் கட்டிய மனைவியை நிறுத்தி வைத்தது கேட்கவில்லை என்றால் யார் நம்புவார்கள். நாலு எட்டுதான். தலையைத் திருப்பியிருந்தால் போதும், திரும்பிப் போகக்கூட வேண்டாம், "அது டாக்டர் போடச் சொன்ன செருப்பும்மா" என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லியிருக்கலாம். நான் திரும்பவில்லை. அதைவிடக் கேவலம், எட்டை இன்னும் நீட்டிப் போட்டேன். கம்பளத்தில் என் புது ஷூ சத்தமே போடவில்லை.

எதிரே ஜன்னலோர மேஜையிலிருந்து ரகுநந்தன் எழுந்து கையை நீட்டிவிட்டார், அதனால்தான் என்று சொல்லிப் பார்க்கிறேன், அந்தச் சாக்கு நிற்கவில்லை. ரகுநந்தன் என்பவர் என் மகள் சுபா கட்டிக்கொள்ள நினைக்கிற பையனின் அப்பா, குன்னூரில் தேயிலைக் கம்பெனி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். சுபாவும் அந்தப் பையனும் புனேயில் ஒரே ஆபீஸ், அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள், பெரியவர்கள் நாங்கள் நாலு பேரும் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிட்டால் தேதி பார்த்துவிடலாம் என்றார்கள். அதற்குத்தான் கோவில்பட்டியிலிருந்து ரயில், கோயம்புத்தூரிலிருந்து டாக்சி, ஊட்டியில் நேற்று ராத்திரி லாட்ஜ், இன்றைக்கு மூன்றரை மணிக்கு இந்த ஹோட்டலில் தேநீர். நூற்றைம்பது வருஷத்து ஹோட்டலாம், வெள்ளைக்காரர்கள் தொப்பி மாட்டிய ஆணிகள்கூட அப்படியே இருக்கின்றன, சுவரில் துப்பாக்கியோடு நிற்கிறவர்களின் படங்கள், காலடியில் புலி. ரகுநந்தன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் மனைவி வத்சலா கும்பிட்டுவிட்டு என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். "அக்கா வரலீங்களா?" என்றார். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "கை கழுவப் போயிருக்காங்க," என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது. யோசிக்கவே இல்லை. யோசித்துச் சொன்ன பொய்யென்றால்கூட மனுஷன் தடுமாறினான் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம், இது உள்ளே தயாராக இருந்திருக்கிறது, எத்தனை வருஷமாகத் தயாராக இருந்ததோ.

உட்கார்ந்தேன். கதவுக்கு முதுகு காட்டுகிற நாற்காலியைத்தான் தேர்ந்தெடுத்தேன், அதுவும் எனக்குத் தெரிந்தது. மடியில் விரிக்கிற துணியை எடுத்து விரித்தேன். அதைச் சுபா எழுதியிருந்தாள். போன வாரமே ஃபோனில் ஒரு நீளமான செய்தி அனுப்பியிருந்தாள், அப்பா, துணியை மடியில் விரிக்கணும், கழுத்தில் சொருகக் கூடாது, டீயை ஊதிக் குடிக்காதீங்க, ஸ்பூன் கப்பில் மோதாமல் கலக்குங்க, கலக்கினதும் ஸ்பூனை சாசரில் வெச்சிருங்க, ஸ்கோன் என்று பன் மாதிரி ஒன்று வரும், அதைக் கடிக்காமல் கையால் இரண்டாகப் பிட்டு ஜாம் தடவணும், காலர் வெச்ச சட்டை, மூடின ஷூ, செருப்பு போட்டால் விடமாட்டாங்க, அம்மாகிட்டயும் சொல்லிருங்க. கடைசி வரி அதுதான். அம்மாகிட்டயும் சொல்லிருங்க. நான் அந்தச் செய்தியைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன், ஸ்பூனைச் சத்தமில்லாமல் கலக்குவதைச் சமையலறையில் யாரும் இல்லாத நேரத்தில் தம்ளரை வைத்துப் பழகிப் பார்த்தேன், மெயின் ரோட்டுக் கடையில் போய்க் கறுப்பு ஷூ வாங்கினேன், கடிக்காமல் இருக்க வீட்டுக்குள்ளேயே இரண்டு நாள் போட்டு நடந்தேன். தமயந்தி காய் நறுக்கிக்கொண்டே பார்த்துச் சிரித்தாள், "மாப்பிள்ளை நீங்கதானா?" என்றாள். அப்போது சொல்லியிருக்கலாம். உனக்கும் ஒன்று வாங்கணும், இல்லையென்றால் சுபாகிட்டச் சொல்லி ஹோட்டலில் முன்கூட்டியே கேட்டு வைக்கணும் என்று. நான் சொன்னது, "அந்த மாம்பழக் கலர் பட்டு எடுத்து வை" என்பதுதான். மறந்துவிட்டேன் என்று சொன்னால் அதுவும் பொய். சொன்னால் அவள் காலைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். அவள் காலைப் பற்றிப் பேசாமல் இருப்பதற்காக நான் எதை வேண்டுமானாலும் மறப்பேன். சேலை தரை வரைக்கும் இருக்கும், யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன், ஆமாம், அப்படித்தான் வார்த்தைக்கு வார்த்தை நினைத்தேன்.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். ரகுநந்தன் பனிக்காலத்தில் பறிக்கிற இலைக்குத்தான் வாசனை அதிகம் என்று சொல்லிக்கொண்டிருந்தார், நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன், பின்னாலிருந்து ஒரு நடை வந்தது. தமயந்தியின் நடை எனக்குத் தெரியும், ரப்பர் தரையில் ஒட்டி ஒட்டி எடுபடுகிற நடை, கல்யாணமான முப்பத்தொரு வருஷத்தில் கடைசி இரண்டு வருஷம் கேட்டது. இது அது இல்லை. டக், டக் என்று, கம்பளம் முடிந்து மரத்தரை வருகிற இடத்தில், யாரோ ஒரு ஆபீசர் அம்மாள் வருகிற மாதிரி. தலையைக் கொஞ்சமாகத் திருப்பினேன். பட்டுச் சேலைக்குக் கீழே கறுப்பாக, முனை குறுகலாக, குதிகால் உயரமில்லாத ஒரு ஜோடி ஷூ. இங்கே அப்படிச் சில ஜோடிகள் வைத்திருப்பார்களாம், தெரியாமல் வருகிறவர்களுக்கு இரவல் கொடுக்க, பிறகுதான் தெரிந்தது. வத்சலா எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெஸ்ட் ரூம் எங்கன்னு தேடவே சிரமமா இருந்திருக்குங்களே அக்கா, இந்தக் கட்டடமே அப்படித்தான்," என்றார். தமயந்தி என்னைப் பார்த்தாள். கண் இமைக்கிற நேரம்தான். அதற்குள் என்ன பொய் சொல்லப்பட்டிருக்கிறது, யார் சொன்னது, எதற்காகச் சொன்னது எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது. "ஆமாங்க, எவ்வளவு பெரிய இடம், ஒரு சுத்து சுத்திட்டுத்தான் வந்தேன்," என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். என் பொய்யை அவள் தோளில் வாங்கிப் போட்டுக்கொண்டது அவ்வளவு லாவகமாக இருந்தது. பழகியவள் வாங்குகிற மாதிரி இருந்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

மூன்று தட்டு அடுக்கின ஸ்டாண்டு வந்தது. கீழ்த் தட்டில் வெள்ளரிக்காய் வைத்த குட்டி சாண்ட்விச், நடுவில் ஸ்கோன், மேலே கேக். ரகுநந்தன் கீழிருந்து மேலாக எடுக்க வேண்டும் என்று வேடிக்கைபோலச் சொன்னார், எங்களைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று முதலில் தானே எடுத்துக் காட்டினார், நல்ல மனுஷர். நான் எடுத்தேன். சத்தமில்லாமல் கலக்கினேன். மேஜைக்குக் கீழே அந்தக் கால் இருந்தது. வலது கால். சுண்டுவிரல் இல்லாத கால். சர்க்கரை வியாதியில் அவளுக்கு இரண்டு பாதத்திலும் உணர்ச்சி போய் நாலு வருஷம் ஆகிறது, ஒரு முள் குத்தியது தெரியாமல் ஒரு வாரம் நடந்து, சீழ் வைத்து, கடைசியில் விரலை எடுத்தார்கள். அதிலிருந்துதான் அந்தக் கறுப்பு ரப்பர் செருப்பு, சர்க்கரைக்காரர்களுக்கென்று ஆஸ்பத்திரியிலேயே விற்பது, பஞ்சு மாதிரி அமுங்கும், எங்கே போனாலும் அதுதான். தையல் பிரித்த அன்றைக்கு டாக்டர் அவளிடம் பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார். "வலி இல்லாததுதான் சார் இவங்களுக்கு ஆபத்து. இறுக்கமான ஷூ போட்டா அரை மணி நேரத்துல தோல் போயிரும், இவங்களுக்குத் தெரியவே தெரியாது. நீங்கதான் பாக்கணும். தினமும் ராத்திரி காலைத் தூக்கி வெச்சுப் பாருங்க." பார்க்கிறேன் சார் என்றேன். ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. சுவரில் பெரிய கடிகாரம் இருந்தது, நாலு அடிக்கப் பத்து நிமிஷம். அவள் உள்ளே வந்தது மூன்று நாற்பதுக்கு இருக்குமா. மூன்று நாற்பத்தைந்தா. நாற்பது என்றே வைத்துக்கொண்டால் இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது, உட்கார்ந்துதானே இருக்கிறாள், உட்கார்ந்திருந்தால் அழுத்தாது, அழுத்துமா, அதை டாக்டரிடம் கேட்கவில்லையே. "சாருக்கு இன்னொரு கப்?" என்றார் வத்சலா. சரிங்க என்றேன்.

அந்த விரலை எடுத்த மாதத்தில்தான் அவள் அண்ணனின் புது வீட்டுப் பால்காய்ப்பு. காலில் கட்டோடு வந்தாள். யார் கேட்டாலும் படியில் தடுக்கிவிட்டது என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். அவள் அன்றைக்கும் இதே மாதிரி என்னை ஒரு தடவை பார்த்தாள், பிறகு அவளும் படி என்றே சொல்ல ஆரம்பித்தாள். வியாதியில் என்ன வெட்கம், அதுவும் அவளுக்கு இல்லாத வெட்கம் எனக்கு எதற்கு, எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன் என்னை நானே. ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றும்போது நர்ஸ் "சார், வந்து பாத்துக்கோங்க, வீட்டுல நீங்கதான மாத்தணும்," என்று கூப்பிட்டாள், ஃபோன் வருகிறது என்று வராந்தாவுக்குப் போய்விட்டேன், ஃபோன் எதுவும் வரவில்லை, சுவரில் ஒட்டியிருந்த கொசு ஒழிப்பு நோட்டீஸை மூன்று முறை படித்தேன். பிறகு அவளே கண்ணாடியைத் தரையில் வைத்துக் காலைக் காட்டிக் குனிந்து குனிந்து கட்டிக்கொண்டாள். கேபிள் குழிக்குள் சாக்கடைத் தண்ணீரில் இடுப்பு வரைக்கும் இறங்கியிருக்கிறேன், செத்த எலியைக் கையால் எடுத்துப் போட்டிருக்கிறேன், அந்தக் காலைத் தொட்டதில்லை. பயம் என்று சொன்னால் நன்றாக இருக்கும். பயம் பாதிதான். மீதியை என்னவென்று சொல்வது. அவளோடு நடக்கும்போது நாலு எட்டு முன்னால் போய்விடுவது எப்போது பழக்கமானது, விரல் போன பிறகா, அதற்கும் முன்பேயா. அவள் மெதுவாக வருகிறாள் என்பேன். அவள் மெதுவாக வருவதால் நான் முன்னால் போனேனா, நான் முன்னால் போவதால் அவள் மெதுவாக வருகிறவள் ஆனாளா.

மணி நாலு அடித்தது. தமயந்தி ஸ்கோனை எப்படி எடுப்பது என்று தெரியாமல் வத்சலாவைப் பார்த்தாள், வத்சலா பிட்டுக் காட்டினார், இவள் பிட்டாள், தூள் சேலையில் விழுந்தது, "உங்க ஊர் வர்க்கி மாதிரியே உதிருதுங்க," என்றாள், இரண்டு பெண்களும் சிரித்தார்கள். அவளுக்குச் சுபாவின் எந்தச் செய்தியும் வேண்டியிருக்கவில்லை. அவள் பேசுவது அவர்களுக்குப் பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது, சுபா சின்ன வயசில் தூக்கத்தில் நடந்ததைச் சொன்னாள், ரகுநந்தன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான்தான் முதுகை நிமிர்த்திக்கொண்டு ஸ்பூன் சத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு பத்து. இப்போது சொல்லலாம். என்னவென்று சொல்வது, தமயந்தி, ஷூவைக் கழற்று என்றா, அப்படிச் சொன்னால் எந்த ஷூ, ஏன் போட்டிருக்கிறாள், கை கழுவப் போனதாகச் சொன்னீர்களே என்று ஒவ்வொன்றாக அவிழும். ஒரு பொய் அவிழாமல் இருக்க ஒரு காலை வைத்துச் சூதாடிக்கொண்டிருக்கிறேன் என்று மனசுக்குள் ஒரு குரல் சொன்னது, அது டாக்டர் குரல் மாதிரி இருந்தது, நான் கேக்கைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். அவள் மேஜைக்குக் கீழே காலை மாற்றி வைத்தாள், ஷூவின் அடி மரத்தரையில் டொக்கென்று பட்டது, அவள் முகத்தில் ஒன்றும் இல்லை, ஒன்றும் இருக்காது, எப்போதும் ஒன்றும் இருக்காது.

"தேதியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாங்க, பிள்ளைங்க சந்தோஷமா இருந்தாப் போதும்," என்றார் ரகுநந்தன். பேச வந்தது முடிந்துவிட்டது. அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. நான் பயந்து பயந்து எதைக் காப்பாற்றினேனோ அது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. வத்சலா துணியை மடித்து வைத்தார். "அக்கா, பின்னால தோட்டம் ரொம்ப நல்லாருக்குங்க, கீழ ஏரி வரைக்கும் சரிவா போகும், ஒரு நடை நடந்துட்டு வரலாம் வாங்க," என்றார். "போலாமே," என்று தமயந்தி மேஜையில் இரண்டு கையையும் ஊன்றினாள். சரிவு. கல் பாவிய படி. "வேண்டாம்," என்றேன். சத்தமாக வந்துவிட்டது, பக்கத்து மேஜையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் திரும்பிப் பார்த்தார். "உட்காரு தமயந்தி. நடக்காத. உட்காரு." மூவரும் என்னையே பார்த்தார்கள். துணி மடியிலிருந்து விழுந்தது, எடுக்கவில்லை, வாசலுக்கு நடந்தேன்.

வாசலில் அதே பெண், நாற்பது வயசிருக்கும், சட்டையில் ரோஸ்லின் என்று பெயர். "என் வீட்டம்மா செருப்பு," என்றேன், "கறுப்பு ரப்பர் செருப்பு, அது சர்க்கரைக்காரங்க போடறது, டாக்டர் சொன்னது, அதை விட்டு வேற போடக் கூடாது." அந்தப் பெண் பதறிப் போனாள். "ஐயோ சார், அப்படின்னா நாங்க விட்ருவோமே! மெடிக்கல்னா எந்தத் தடையும் இல்ல சார். மேடம் ஒண்ணுமே சொல்லலையே." அலமாரியைத் திறந்து ஒரு துணிப் பையிலிருந்து செருப்பை எடுத்தாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "நான் கேட்டேன் சார்," என்றாள், "கூட யாராவது வந்திருக்காங்களா, அவங்ககிட்ட வேணா பேசறேன்னு. மேடம் உள்ள பாத்தாங்க. பாத்துட்டு, இல்லம்மா, கூட யாரும் வரல, நான் தனியாத்தான் வந்தேன்னு சொன்னாங்க." உள்ளே பார்த்தாளாம். என்ன பார்த்திருப்பாள். என் முதுகைப் பார்த்திருப்பாள், நான் ஒருத்தர் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பாள். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று சொன்னாளா, அல்லது உள்ளதைத்தான் சொன்னாளா. இரண்டில் எது என்று தெரியாமல் நான் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இன்னமும் தெரியாது. கேட்கும் தைரியமும் வரப்போவதில்லை.

செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குள் நடந்தேன். எல்லோரும் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று தோன்றியதாகச் சொல்லமாட்டேன், கூசியது, கழுத்து வரைக்கும் கூசியது, ஆனால் நடந்தேன். அவள் நாற்காலிக்கு முன்னால் மரத்தரையில் உட்கார்ந்தேன். "என்னங்க இது," என்றாள், "எந்திரிங்க." வலது காலைப் பிடித்துத் தூக்கி என் தொடைமேல் வைத்தேன். கனமாக இருந்தது, சில்லென்று இருந்தது. ஷூ வரவில்லை, இழுத்தேன், வந்தது. விரல் இருந்த இடத்தில், பழைய தழும்புக்குக் கீழே, தோல் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு உரிந்து சிவப்பாக, ஈரமாக இருந்தது. ஷூவின் உள்ளே கசிந்திருந்தது. "அடடா," என்று தமயந்தி குனிந்து பார்த்தாள், அடுத்தவர் காலைப் பார்க்கிற மாதிரி, "எனக்குத் தெரியவே இல்லையே." வத்சலா "ஏனுங்க, சீக்கிரம் யாரையாவது கூப்பிடுங்க," என்றார், ரகுநந்தன் ஏற்கெனவே வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். எனக்கு அப்போது அதைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது, சொல்லாவிட்டால் மூச்சு வராது என்று இருந்தது. "வாசல்ல உன்னை நிறுத்துனது எனக்குக் கேட்டுச்சு," என்றேன். "கேட்டுட்டுத்தான் உள்ள வந்தேன். கை கழுவப் போயிருக்கன்னு சொன்னது பொய்." வத்சலா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தமயந்தியின் முகம் முதல் தடவையாகச் சிவந்தது. "அதை இவங்க முன்னாடிதான் சொல்லணுமா?" என்றாள் மெல்ல. "எனக்குத் தெரியாதா அது? வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம்ல." ஒப்புக்கொண்டதிலும் நான் என்னைத்தான் பார்த்துக்கொண்டேன், அவளை மறுபடி ஒரு தடவை எல்லோர் எதிரிலும் நிறுத்திவிட்டேன். காலை விடவில்லை, அது ஒன்றுதான்.

ரோஸ்லின் முதலுதவிப் பெட்டியோடு ஓடி வந்தாள். தமயந்தி கையை நீட்டி, "கொடும்மா, நானே கட்டிக்கறேன், எனக்குப் பழக்கம்," என்றாள். நான் பெட்டியை வாங்கிக்கொண்டேன். திறந்தேன், பஞ்சு, மருந்து, கட்டுத்துணி, கத்தரிக்கோல், எதை முதலில் எடுப்பதென்று தெரியவில்லை. "எப்படின்னு சொல்லு," என்றேன். பக்கத்து மேஜைகளில் கப்புகள் மறுபடி சத்தம் போட ஆரம்பித்தன. பிறகு சொன்னாள், "மொதல்ல துடைங்க. தேய்க்காதீங்க, ஒத்தி எடுங்க. அந்த மஞ்ச மருந்து." ஒத்தி எடுத்தேன். மருந்தை வைத்தேன். கட்டுத்துணியைச் சுற்றினேன், ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது, முடிச்சுப் போட்டேன். அவள் குனிந்து இரண்டு விரலால் கட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"இறுக்கிட்டீங்க," என்றாள். "அவுத்துட்டு மறுபடியும் கட்டுங்க."

அவிழ்த்தேன்.